கையாலயா, கயித்தாலயா

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே சொல்லிச் சிரித்துக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் ஊருக்கு நல்லது. அந்த நம்பிக்கையைப் பேனாவில் ஊற்றி எழுதவும் செய்தேன்.

திருவாதவூரில் ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிச் சந்தைக்குள் புகுந்தது. கத்தரிக்காய்க் கூடைகளை மிதித்தது. யாருடைய சைக்கிளையோ கொம்பில் மாட்டிக்கொண்டு ஊரை வலம் வந்தது. கடைசியில் ஊர்க்காரர்கள் பிடித்துக் கட்டிவிட்டார்கள். இதை மெட்ராசுக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டிய பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து நாற்காலி இன்னும் சூடாகாத என்னிடம் வந்தது. காளை 'சப்ரஸ்' செய்யப்பட்டது என்று எழுதினேன். கல்லூரிப் பாடத்தில் யாரோ ஒரு ராஜா ஏதோ ஒரு கலகத்தை அப்படிச் செய்திருந்தார். ராஜாவுக்கு ஆனது காளைக்கு ஆகாதா?

அந்தத் தாள், ஆபீஸ் மொத்தமும் அக்கா என்று கூப்பிடுகிறவரின் மேசைக்குப் போனது.

"தம்பி, இங்கன வாங்க. இந்தக் காளைய என்ன பண்ணாய்ங்க?"

"அடக்கிட்டாய்ங்கக்கா."

"எப்பிடி? கையாலயா, கயித்தாலயா, வாயாலயா?"

"வாயாலயா?"

"பேசிச் சரிக்கட்டுனாய்ங்களான்னு கேக்குறேன்."

அக்கம்பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன.

"கயித்தாலதான்க்கா."

"அப்ப ரெஸ்ட்ரெய்ன். கட்டிப் புடிச்சு வக்கிறது. நீங்க எழுதியிருக்கது சப்ரஸ். அமுக்குறது. தும்மல அமுக்கலாம், கொட்டாவிய அமுக்கலாம். உண்மைய அமுக்கலாம், நம்ம ஆபீசுல தெனம் பண்றோம். காளைய அமுக்க அது மேல எம்புட்டுப் பேரு ஏறி உக்காந்தாய்ங்க?"

அலுவலகம் மொத்தமும் சிரித்தது. மின்விசிறிகூட ஒரு சுற்று கூடச் சுற்றியதாக எனக்குத் தோன்றியது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு 'சப்ரஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. என் பெற்றோர் சோசியரிடம் கேட்டு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. என் கல்யாணத்துக்கு ஆபீஸ் நண்பர்கள் கொடுத்த எவர்சில்வர் குடத்தில் 'சப்ரஸுக்கு அன்புடன்' என்று பெயர் வெட்டியிருந்தது. "இது யாரு, உங்க சிநேகிதரா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம், நெருங்கின சிநேகிதன் என்றேன்.

பழிவாங்குவது என்று காளை விவகாரத்தன்றே முடிவு செய்துவிட்டேன். சபதம் எடுப்பவர்கள் தாடி வளர்ப்பார்கள். எனக்கு அப்போது தாடி இடம் பார்த்து இடம் பார்த்துத்தான் முளைத்தது. அதனால் சபதத்தை மனதுக்குள்ளேயே வளர்த்தேன். என்றைக்காவது அக்காவும் ஒரு வார்த்தையைத் தப்பாகப் போடுவார். அன்று ஆபீஸ் நடுவில் நின்று, "கையாலயாக்கா, கயித்தாலயா?" என்று கேட்பேன். அதற்குப் பிறகு செத்தாலும் கவலையில்லை. பென்ஷன் வாங்கிவிட்டுச் சாவேன்.

எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். வைகைக்குத் தெற்கா வடக்கா என்றுகூடச் சொல்ல மாட்டேன். எழுபதுகளின் கடைசி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலும் சுற்றுப்பட்டிலும் எது கைமீறிப் போனது, எது திரும்பக் கைக்குள் வந்தது என்று தினமும் காலையில் மெட்ராசுக்கு ஒரு நிலவரம் அனுப்ப வேண்டும். அதுதான் எங்கள் வேலை. கைமீறுவதற்கு மதுரையில் என்ன பஞ்சம்? ஆறு, மாடு, மண்ணெண்ணெய் வரிசை, திருவிழாக் கூட்டம், காலரா, மைக்செட். தினமும் ஏதாவது ஒன்று மீறும், ஏதாவது ஒன்று அடங்கும். அடங்கியதைச் சரியான இங்கிலீஷில் எழுத ஆபீசில் ஒரே ஆள் அக்காதான்.

அவர் ஸ்டெனோ. வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்ட நூல் சேலை, பிடி உடைந்து வேறு பிடி மாட்டிய குடை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சௌராஷ்டிரக் குடும்பம். எங்களோடு மதுரைத் தமிழ் பேசுவார், மெட்ராசோடு இங்கிலீஷ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பாஷை. அதுவும் உதடு அசையும், சத்தம் வராது. தமிழில் திட்டினால் பதிலுக்கு மனதுக்குள்ளாவது திட்டிக்கொள்ளலாம். புரியாத திட்டுக்கு என்ன பதில் திட்டு இருக்கிறது?

அடக்குகிற வார்த்தைகள் அவரிடம் அளவுப் பாத்திரங்கள் மாதிரி இருந்தன. ஆழாக்கு விஷயத்தை மரக்காலில் அளக்க விடமாட்டார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு 'ரெகுலேட்'. அந்தக் கூட்டம் எந்தத் தப்பும் செய்யவில்லை, வழியைக் காட்டினால் போய்விடும். காலராவுக்கு 'கன்டெய்ன்'. அதை அடித்து விரட்ட முடியாது, வேலி கட்டி ஒரு தெருவோடு நிறுத்தத்தான் முடியும். செலவுக்கும் ஆசைக்கும் 'கர்ப்', குதிரை வாயில் கடிவாளம் போல லேசான இழுப்பு. யானைக்கு 'சப்ட்யூ', முரண்டு பிடித்ததைப் பணியவைப்பது, அதுவும் பாகன் தோற்றுப்போய் டாக்டர் ஊசி போட்டிருந்தால் மட்டும். 'க்வெல்' என்று ஒன்று உண்டு. அதை மட்டும் அவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

"அது ஏன்க்கா பரண்லயே கெடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கலகத்துக்கு உள்ளது தம்பி. அடக்குனது பெருசுன்னு எழுதுனா, அடங்குனதும் அம்புட்டுப் பெருசுன்னு படிக்கிறவன் நெனப்பான்ல? அத எறக்குனா ஊருல ரத்தம் ஓடியிருக்கணும்."

ஒருமுறை பஞ்சு குடோன் ஒன்றில் தீப்பிடித்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. 'அண்டர் கன்ட்ரோல்' என்று போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

"அடங்கிருச்சாண்ணே, அணைஞ்சிருச்சா?" என்றார் அக்கா.

எதிர்முனைக்காரர் ரெண்டும் ஒன்றுதானே என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அணைஞ்சது எந்திரிக்காது. அடங்குனது எந்திரிக்கும். எதுன்னு கேட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

காதில் போனை வைத்தபடி கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள கனியுதா? அப்ப நீங்க சொன்னது சரிதான். அண்டர் கன்ட்ரோல்" என்று வைத்துவிட்டுத் தட்டச்சில் குனிந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா எதையும் மறக்க மாட்டார். மறந்த மாதிரி இருப்பார். அந்த வித்தியாசம் தெரியாதவர்கள் அவரைச் சாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

வில்லாபுரத்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வெள்ளாடு வளர்த்தார். அது அக்கா வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த வடகத்தையும், கொடியில் தொங்கிய புதுச் சேலையின் முந்தானையையும் தின்றுவிட்டது. அக்கா போய்ச் சொன்னார். "ஆடுன்னா திங்கத்தான்மா செய்யும். வடகத்தக் கட்டி வைங்க" என்றாராம் அவர். அக்கா சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

ஒரு வருடம் போயிருக்கும். அந்த ஆட்டை ஒரு லாரி இடித்துக் காலை ஒடித்துவிட்டது. லாரிக்காரர்களுக்கு நஷ்டஈடு கேட்டு இங்கிலீஷில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் யாரிடம் போவார்? அக்கா அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து எழுதித் தந்தார். கல்லும் கரையும் இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு வரி: 'இதுநாள்வரை யாராலும் ரெஸ்ட்ரெய்ன் பண்ண முடியாத என் ஆடு.' லாரிக்காரர்கள் பதில் போட்டார்கள். யாராலும் பிடித்து வைக்க முடியாத ஆட்டை ரோட்டில் விட்டு எங்கள் லாரி விளக்கை உடைத்தீர்களே, அதற்கு என்ன பதில் என்று. அந்தப் பதிலையும் அவர் அக்காவிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார். அக்கா நிறுத்தி நிதானமாக, கேட்காமலே இன்னொரு தடவையும் படித்துக் காட்டினாராம்.

"பொய்யா ஒரு எழுத்து எழுதலையே தம்பி" என்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். யாருக்கோ நடந்த கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் புது ஆபீசர் வந்தார். சின்ன உடம்பு, பெரிய குரல். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவார், சுற்றியதை மெட்ராசுக்கு எழுதுவார். எழுதும்போது அவருக்குப் பெரிய வார்த்தைதான் வேண்டும். மண்ணெண்ணெய் வரிசைத் தகராறை அக்கா 'செட்டில்' என்று எழுதி நீட்டினால், "செட்டிலா? நான் என்ன கல்யாணத் தரகரா?" என்பார். மைக்செட் சத்தத்தை அவர் 'க்ரஷ்' பண்ணினார். தெருநாய்களை 'வேன்குவிஷ்' பண்ணினார், போரில் எதிரியை வென்ற மாதிரி. நாய்கள் அதற்குப் பிறகும் அதே தெருவில்தான் இருந்தன.

அக்கா கொஞ்ச நாள் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தார். ஆபீசர் மரக்காலில் அளந்து கொடுப்பதை ஆழாக்காக்கித் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். ஆபீசரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். மெட்ராஸ் நிம்மதியாகத் தூங்கியது. ஒருநாள் ஆபீசர் பழைய நகல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டார். அவருடைய 'க்ரஷ்' எல்லாம் 'செட்டில்' ஆகிக் கிடந்தது.

அந்த வருடம் சூப்பிரண்டு ஓய்வு பெறுகிற வருடம். அடுத்து அந்த நாற்காலி அக்காவுக்குத்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்கா அதற்காகப் புதிதாக ஒரு நாற்காலி மெத்தைகூடத் தைத்து வைத்திருந்தார் என்று கேள்வி. மேலே அனுப்பும் ரகசியக் குறிப்பில் ஆபீசர் நல்லபடியாக ஒரு வரி எழுதினால் போதும்.

ஆபீசர் எழுதினார். ஆனால் அவருக்கு எதையும் சொல்லித்தான் பழக்கம், கையால் எழுதிப் பழக்கமில்லை. சொல்வதைக் குறிப்பெடுக்க இங்கிலீஷ் சுருக்கெழுத்து தெரிந்த ஆள் ஆபீசில் ஒருவர்தான். ஆக, அக்காவைப் பற்றிய ரகசியக் குறிப்பை அக்காவையே கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

கதவோரம் நின்ற பியூன் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இந்த அம்மாள் மேலதிகாரியின் வாசகங்களைத் திருத்துகிறார். இவரை கன்ட்ரோல் செய்ய வேண்டும்" என்பது ஆபீசரின் வாசகம். அக்காவின் பென்சில் அந்த இடத்தில் நின்றதாம்.

"ஐயா, இங்கன கன்ட்ரோல் வேணாம். ரெஸ்ட்ரெய்ன் போட்டா நல்லா நிக்கும்."

"ஏம்மா?"

"கன்ட்ரோல்னா பொதுவா அடக்கி வக்கிறது. ரெஸ்ட்ரெய்ன்னா குறிப்பா ஒரு காரியத்தச் செய்யவிடாமப் புடிச்சு வக்கிறது. நான் திருத்துறதத்தான நீங்க நிறுத்தணும்ங்கிறீங்க?"

"கரெக்ட். அதையே போடு."

போட்டார். பிழையில்லாமல் தட்டச்சு செய்தார், கையெழுத்து வாங்கினார், உறையில் போட்டுத் தானே ஒட்டினார். உறையை வாங்கிக்கொண்ட பியூன் அண்ணன்தான் "கோவமாம்மா?" என்று கேட்டாராம்.

"அடங்கிருச்சுண்ணே" என்றாராம் அக்கா.

நாற்காலி வேறொருவருக்குப் போனது. அவர் அதில் உட்கார்ந்து தூங்கினார். குறட்டையில் மட்டும் ஒரு அதிகாரம் இருந்தது.

எனக்கு அன்று தீபாவளி. கேன்டீனில் பெஞ்சின்மேல் ஏறி நின்று அறிவித்தேன்: "மாப்ள, கேட்டுக்கங்கப்பா! அக்காவுக்கு மூக்கணாங்கயிறு கோத்தாச்சு! இனிமே சப்ரஸ் நான் இல்ல!" டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தனுக்கு மூக்கு வழியாக டீ வந்தது. அக்கா கேன்டீன் பக்கமே வரமாட்டார், டிபன் டப்பாவை மேசையிலேயே திறப்பார். அந்தத் தைரியம்தான். நல்ல ஜோக். இப்போதும் அதை நல்ல ஜோக் என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு அக்கா எதையும் திருத்தவில்லை. ஆபீசர் சொன்னது சொன்னபடி போனது. அப்படிப் போன முதல் முத்து, தெருக்குழாய்ச் சண்டை. ஒரு சந்தில் ரெண்டு பெண்கள் குடத்தை முன்னே வைத்தது யார் என்று மல்லுக்கு நின்றார்கள். ஒரு குடம் நசுங்கியது. அந்த வழியாக வந்த ஆபீசரின் ஜீப் ஹாரன் அடித்தது. பெண்கள் ஒதுங்கினார்கள். அவ்வளவுதான். மறுநாள் நிலவரம்: 'தெற்கு மதுரையில் எழுந்த கொந்தளிப்பு, அதிகாரி நேரில் சென்றதும் க்வெல் செய்யப்பட்டது.'

நகலை நான் பார்த்துவிட்டேன். க்வெல்! பரணிலிருந்து இறங்கிவிட்டது! குழாயடிச் சண்டைக்கு! அக்கா கையால் தட்டச்சு செய்த தாளில்! சபதம் நிறைவேறும் நேரம் வந்துவிட்டது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாளைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் நடுவில் நின்றேன்.

"அக்கா! கையாலயா, கயித்தாலயா, வாயாலயா? ஹாரனாலக்கா! ஹாரனுக்குப் போயி க்வெல் போட்டுருக்கீங்களே!"

யாரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "தப்பாத் தெரியுதா தம்பி?"

"சுத்தத் தப்பு."

"எனக்குத் திருத்த அனுமதி இல்ல. நீங்க வேணா போயி ஆபீசர்ட்டச் சொல்லுங்க."

போனேன். இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தடுக்க நினைப்பீர்கள். மிக்க நன்றி. எனக்கே இப்போது என் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருக்கிறது. அக்காவைப் போட்டுக்கொடுக்கிற அவசரத்தில், அது ஆபீசர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. உள்ளே போய், இந்த வார்த்தையைப் போட்ட ஆளுக்கு இங்கிலீஷே தெரியாது என்று விளக்கினேன். நிறைய விளக்கினேன். குழாயடிச் சண்டையை க்வெல் பண்ணினேன் என்கிறவன், கொசு அடித்ததற்குப் பரணி பாடச் சொல்வான் என்று ஓர் உவமையும் சொன்னேன்.

ஆபீசரின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தபிறகுதான் நிறுத்தினேன். அவர் மணியடித்து அக்காவை வரச் சொன்னார்.

"இவனை என்னம்மா பண்றது?"

அக்கா கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றார். பிறகு ரொம்பப் பணிவாக, "திருவாதவூர்ல கண்மாய்க்கரை மராமத்து முகாமுக்கு ஒரு ஆளு வேணும்னு கேட்டிருக்காய்ங்க ஐயா. வெயில்னு ஒருத்தரும் போகமாட்டேங்கிறாய்ங்க" என்றார்.

"உத்தரவு தயார் பண்ணு."

தயாராகவே இருந்தது. என் பெயரை மட்டும் நிரப்பினார். ஞாபகமாக என் நிஜப் பெயரை.

திருவாதவூர் முகாம் என்பது நாலு தென்னந்தட்டியும் ஒரு மேசையும். கண்மாய்க்கரைக்கு மண் சுமக்க வந்தவர்களைப் பேர் கூப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை. தட்டிக்கு எதிரில் ஒரு வீட்டு வேப்பமரத்தில் காளை ஒன்று கட்டியிருந்தது. கனத்த கொம்பு, முறைத்த பார்வை. உடையவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நல்ல காளைண்ணே."

"இதா? இதுதாங்க அன்னிக்கிச் சந்தைக்குள்ள பூந்து சைக்கிளத் தூக்குனது. அப்பறந்தான் மூக்கணாங்கயிற மொரட்டுக் கயிறா மாத்திப்புட்டேன். இப்ப பூனைக்குட்டி."

அதன்பிறகு தினமும் நானும் பூனைக்குட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெயிலில் கிடந்தோம். ஒருவேளை அதுவும் என் மேல் சபதம் ஏதாவது எடுத்திருக்கலாம். அமுக்கிவிட்டதாக எழுதியவன் நான்தானே.

ஒருநாள் பியூன் அண்ணன் தபால் கட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். முகம் பூராவும் சிரிப்பு.

"சப்ரஸ்! சேதி தெரியுமா? ஆபீசரு காலி!"

குழாயடிச் சண்டைக்கு அடுத்து அழகர்கோவில் நடந்திருக்கிறது. ஆபீசர் குடும்பத்தோடு சாமி கும்பிடப் போன இடத்தில் குரங்குகள் அவர் வீட்டம்மாவின் கையிலிருந்த தேங்காய் மூடியையும் கைப்பையையும் பிடுங்கிக்கொண்டன. டிரைவர் கம்பைத் தட்டியதும் ஓடிவிட்டன. குரங்கு என்று எழுதினால் கௌரவக் குறைவு என்று, 'மலையடிவாரத்தில் பக்தர்களைத் தாக்கிவந்த கும்பல் சப்ட்யூ செய்யப்பட்டது' என்று சொன்னார் ஆபீசர். அக்கா அப்படியே தட்டிவிட்டார். அதே வாரம் மண்ணெண்ணெய் வரிசையில் ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் 'க்வெல்' ஆனது. மெட்ராசில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? நகரத்தின் தெற்கில் கொந்தளிப்பு, மலையில் ஆயுதக் கும்பல், ரேஷன் கடையில் புரட்சி.

"வேன் வேனா ஆளு வந்து எறங்குனாய்ங்க தம்பி! கேடயம், தடி, தலையில தொப்பி! கூடவே மெட்ராஸ் பெரிய அதிகாரி. குழாயடிக்குப் போயி, 'எங்கம்மா கலகம்'ங்கிறாரு. அங்கன ரெண்டு பொம்பளையும் ஒண்ணாச் சேந்து தண்ணி புடிச்சுக்கிட்டு நிக்கிறாளுக. 'கலகமா? அந்தய்யா காரு ஹாரன் அடிச்சாரு, ஒதுங்குனோம், அம்புட்டுத்தான். ஏன், கொடத்துக்குக் காசு தரப்போறீகளா'ங்கிறா ஒருத்தி."

"அழகர்கோவில்?"

"கும்பலோட தலைவரே நேர்ல வந்துட்டாருல்ல! வேன் மேல தொப்புனு குதிச்சு, பெரியவரு மூக்குக்கண்ணாடிய உருவிக்கிட்டு மரத்துல ஏறிப்புட்டாரு. பெரியவரு கண்ணு தெரியாம நிக்கிறாரு, நம்மாளு, 'அது சப்ட்யூ ஆன குரங்குதான் சார்'ங்கிறாரு!"

பியூன் அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

"அப்பறம் பெரியவரு ஆபீசுக்கு வந்து உக்காந்து, 'இம்புட்டையும் டைப் அடிச்சது யாரு'ன்னு கத்துனாரு. அக்கா எந்திரிச்சு, 'நாந்தான்யா. அவரு சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை'ன்னுச்சு. 'உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்ல? தப்புன்னா திருத்தக்கூடாதா'ன்னாரு. அக்கா சொன்னுச்சு பாரு..."

"என்ன?"

"'திருத்தாம ரெஸ்ட்ரெய்ன் பண்ணணும்னு என் பேருல குறிப்பு இருக்குய்யா. நான் அடங்கி நடந்தேன்'னுச்சு. பெரியவரு அந்தக் குறிப்ப எடுத்துட்டு வரச்சொல்லிப் படிச்சாரு. மூக்குக்கண்ணாடி இல்லாததுனால அக்காவையே படிக்கச் சொன்னாரு. அக்கா நிறுத்தி நிதானமாப் படிச்சுச்சு. கேக்காமலே இன்னொரு தடவையும் படிச்சுச்சு."

ஆபீசரைத் தண்ணீர் இல்லாத ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். குழாயே இல்லாத ஊர் என்பதால் கலகத்துக்கும் வாய்ப்பில்லை. குறட்டை சூப்பிரண்டு பழைய இடத்துக்குப் போனார். மெத்தை தைத்து வைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்கு உயிர் வந்தது. ஆபீசர்தானே என்னை இங்கே தள்ளியது? ஆபீசர் போயாச்சு. அக்காதான் இப்போது சூப்பிரண்டு, மாற்றல் அவர் கையில். எத்தனையோ நாள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். பஸ் ஏறி மதுரை போனேன். கொய்யாப்பழம் ஒரு பை, வெயிலில் கருத்த என் மூஞ்சி, ரெண்டையும் கொண்டுபோய் அக்கா மேசைமுன் வைத்தேன்.

"வாங்க தம்பி. உக்காருங்க." அக்கா பழத்தை எடுத்து மோந்து பார்த்தார். "திருவாதவூர்ப் பழமா? வாசமா இருக்கு."

"அந்த ஆபீசருக்கு நல்லா வேணும்க்கா. உங்களைப் போயி ரெஸ்ட்ரெய்ன்னு எழுதுனானே. எனக்கு அன்னிக்கு வயிறு எரிஞ்சுபோச்சு."

"எரிஞ்சுச்சா?" என்றார் அக்கா. கிராம்பு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. உதடு லேசாக அசைந்தது. சத்தம் வரவில்லை.

நான் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்கிற ஆளாக இருந்தால் இவ்வளவு கதை நடந்தே இருக்காது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலில் முடிந்த அளவு பரிதாபத்தை ஏற்றிக்கொண்டு கேட்டேன்.

"அந்தக் காளை மூஞ்சியவே பாத்துக்கிட்டு வெயில்ல வேகுறேன்க்கா. இன்னும் எம்புட்டு நாளைக்கு நான் அங்கன கெடக்கணும்?"

அக்கா பேனாவை மூடாமல், நிமிராமல் சொன்னார்:

"மூக்கணாங்கயிறு அறுந்து போற மட்டும்."